எண்ணெய் மின்சாரத்தைத் தடுக்கிறதா?

மதுரைக்குத் தெற்கே கப்பலூர் எண்ணெய்க் கிடங்கில் டேங்கர் லாரிகள் பெட்ரோலும் டீசலும் ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. நகரத்தைச் சுற்றியுள்ள துணை மின்நிலையங்களிலோ, ஆளுயரத்துக்கும் மேலான டிரான்ஸ்பார்மர்கள் ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெயில் மூழ்கி நிற்கின்றன. கப்பலூரில் எரிப்பதற்கு இருக்கும் எண்ணெய், அங்கே மின்காப்புக்கு இருக்கிறது. வேதியியலின் கணக்கில் இரண்டும் ஒரே குடும்பம்: கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஹைட்ரோகார்பன் திரவங்கள். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். சொன்னது சரிதான். ஆனால் அதைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் காரணம் சரியில்லை. எலெக்ட்ரான் வந்து மோதுகிறது, எண்ணெய் சுவர் போல் நின்று மறிக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். கடந்த அறுபது ஆண்டுகளின் அளவீடுகள் காட்டுவது வேறு. சுத்தமான ஹைட்ரோகார்பன் திரவம் எலெக்ட்ரானைச் சுவர் போல் மறிப்பதில்லை. சில திரவங்களில் அது செம்புக் கம்பியில் ஓடுவதைவிடவும் எளிதாக ஓடுகிறது. எண்ணெய் காப்பாக நிற்பது அதனிடம் ஓடுவதற்கு எலெக்ட்ரான் இல்லாததால். தப்பித் தவறி ஒன்றிரண்டு வந்தாலும், உள்ளே கலந்திருக்கும் அந்நியப் பொருள்கள் அவற்றைப் பிடித்துவிடுவதால்.

கடத்தும் திறனை இரண்டு எண்களின் பெருக்கல் தீர்மானிக்கிறது. ஒன்று, கட்டற்ற எலெக்ட்ரான்கள் எத்தனை என்பது. மற்றது, ஒவ்வொன்றும் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பது. இதைத்தான் இயற்பியல் பாடநூல் இயக்க எண் என்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் வீதம் மின்புலம் கொடுத்தால் எலெக்ட்ரான் நொடிக்கு எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்பதே அந்த எண். செம்பில் அது ஏறத்தாழ 44. இது அப்படியொன்றும் பெரிய எண் இல்லை. செம்பின் பலமெல்லாம் எண்ணிக்கையில்தான்: ஒரு கன சென்டிமீட்டரில் 8.5-ஐப் பத்தின் 22-ஆம் அடுக்கால் பெருக்கிய அளவுக்குக் கட்டற்ற எலெக்ட்ரான்கள் அதில் இருக்கின்றன. ஹெக்சேன் போன்ற ஓர் எண்ணெய்த் திரவத்தில் எலெக்ட்ரான்கள் எல்லாமே வேதிப் பிணைப்புகளில் கட்டுண்டவை. ஒன்றைப் பிய்த்தெடுக்கப் பத்து எலெக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆற்றல் வேண்டும். அறை வெப்பம் தருவதோ ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு. ஆகவே வெப்பத்தால் தானாக எதுவும் கழன்று வராது. வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய் உள்ளே விட்டால்தான் உண்டு. அப்படி விடப்பட்ட எலெக்ட்ரானை மிகை எலெக்ட்ரான் என்கிறார்கள். திரவத்தின் உண்மையான குணத்தை அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அதை உள்ளே விட ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர் வேண்டும் என்றாலும், வானம் அந்த வேலையை இடைவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் மோதி உண்டாக்கும் மியூவான்கள், தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் விழுகின்றன. இந்த மியூவான்களைத்தான் மதுரைக்கு மேற்கே வடபழஞ்சியில், 85 டன் இரும்பைக் காந்தமாக்கி நிறுத்திய மினி-ஐகால் கருவி பதிவுசெய்கிறது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்டு, எதிர்ப்பிலும் வழக்கிலும் நின்றுபோயிருக்கும் நியூட்ரினோ ஆய்வகத்துக்கான முன்மாதிரி அது. அதே மியூவான்கள் டிரான்ஸ்பார்மர் தொட்டிகளையும் விட்டுவைப்பதில்லை. ஹெக்சேன் வழியே ஒரு சென்டிமீட்டர் கடக்கும் மியூவான் சுமார் 13 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலை இழக்கிறது. அதில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட எலெக்ட்ரான்கள் தம் மூலக்கூறுகளிலிருந்து பிய்கின்றன. ஆனால் சுமார் 1,700 மட்டுமே உண்மையில் தப்புகின்றன. மற்றவை எல்லாம் தாம் விட்டுவந்த நேர்மின் அயனியிடமே திரும்ப விழுகின்றன.

ஏன் திரும்புகின்றன என்பதற்கான கணக்கை லார்ஸ் ஆன்சாகர் 1938-இலேயே போட்டுவைத்தார். எலெக்ட்ரானுக்கும் அயனிக்கும் இடையிலான ஈர்ப்பு, வெப்ப அலைச்சலின் ஆற்றலுக்குச் சமமாகும் தொலைவு ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் பிழைக்க வாய்ப்பு. அதற்கு வெகு முன்பாகவே வேகம் இழந்து நின்றால் திரும்புவது ஏறக்குறைய உறுதி. தண்ணீரில் இந்தத் தொலைவு ஒரு நானோமீட்டர்கூட இல்லை, ஏனென்றால் தண்ணீரின் முனைவுள்ள மூலக்கூறுகள் மின்விசையை எண்பதில் ஒரு பங்காக்கிவிடும். எண்ணெயில் அந்தத் தணிப்பு இரண்டில் ஒரு பங்கோடு நின்றுவிடுவதால் தொலைவு 30 நானோமீட்டராக நீள்கிறது. ஹெக்சேனில் பிய்ந்த எலெக்ட்ரான் சராசரியாக 7 நானோமீட்டருக்குள் களைத்து நின்றுவிடுகிறது. நூற்றில் மூன்றே தப்புகின்றன. நியோபென்டேன் என்ற இன்னொரு திரவத்திலோ அது 20 நானோமீட்டரை ஒட்டி ஓடிவிடுகிறது. நூற்றில் இருபது தப்புகின்றன. மின் ஈர்ப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் ஓட்டத்தில் இருக்கிறது.

அந்த ஓட்டத்தை நேரடியாக அளந்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வேலை செய்த வெர்னர் ஷ்மிட்டும் ஏ.ஓ. ஆலனும். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. முறை எளிது: இரண்டு தகடுகளுக்கு நடுவே திரவத்தை வைத்து மின்னழுத்தம் கொடுக்க வேண்டும், ஒரு நொடிப்பொழுது எக்ஸ் கதிரைப் பாய்ச்ச வேண்டும், பிறகு மின்னோட்டம் எவ்வளவு நேரத்தில் ஓய்கிறது என்று பார்க்க வேண்டும். கிடைத்த எண்கள்தான் எளிமையானவை அல்ல. நேர்ச்சங்கிலியாய் நீண்ட ஹெக்சேனில் இயக்க எண் சுமார் 0.08. நேர்ச்சங்கிலி பென்டேனில் சுமார் 0.15. நியோபென்டேனில் சுமார் 70. பென்டேனிலும் நியோபென்டேனிலும் உள்ள அணுக்கள் ஒன்றே, ஐந்து கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன். பென்டேனில் கார்பன்கள் வரிசையாக நிற்கின்றன. நியோபென்டேனில் ஒன்றை நடுவே வைத்து நான்கு சுற்றி நின்று உருண்டையாகின்றன. ஓர் அணுவைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை, உருவத்தை மட்டும் மாற்றியதும் எலெக்ட்ரான் நானூறு மடங்குக்கும் மேல் வேகமெடுக்கிறது. செம்பின் 44-ஐயும் தாண்டுகிறது. இன்னும் உருண்டையான மீத்தேன், மைனஸ் 162 டிகிரியில் திரவமாகும்போது, சுமார் 400-ஐத் தொடுகிறது. செம்பைவிட எலெக்ட்ரான் எளிதாக ஓடும் ஒரு திரவம், அதே சமயம் முதல்தரமான மின்காப்பு. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், காப்பு என்றால் தடை என்ற எண்ணம் நிற்க முடியாது.

இதற்குச் சட்டென்று எழும் மறுப்பு ஒன்று உண்டு: நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிப் பாகுத்தன்மை கூடுவதால் எலெக்ட்ரான் மெதுவாகப் போகிறது, அவ்வளவுதானே? அப்படியானால் அயனிகளும் அதே விகிதத்தில் மெதுவாக வேண்டும். ஆகவில்லை. ஹெக்சேனும் நியோபென்டேனும் பாகுத்தன்மையில் பெரிதாக வேறுபடாத, தண்ணீரைவிட இலேசான திரவங்கள். அவற்றில் அயனிகளின் இயக்க எண் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. திரவத்தைத் தள்ளிக்கொண்டு நகரும் பொருளுக்குத்தான் பாகுத்தன்மை கணக்கு. எலெக்ட்ரான் அப்படி நகர்வதில்லை. அது மூலக்கூறுகளுக்கு ஊடே பரவும் ஓர் அலை. உருண்டையான மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பினாலும் அலைக்கு ஒன்றுபோலவே தோன்றும். அதனால் அலை அதிகம் சிதறுவதில்லை. மீத்தேனிலும் ஆர்கானிலும் குறிப்பிட்ட சில ஆற்றல்களில் அலை மூலக்கூறைக் கவனிக்காதது போலவே கடந்துபோகும் விசித்திரத்தை, வாயுக்களில் 1920-களிலேயே ராம்சவரும் டவுன்செண்டும் கண்டிருந்தார்கள். நீண்ட சங்கிலியோ திரும்பும் திசைக்கொரு தோற்றம் காட்டும். சங்கிலிகள் தற்செயலாக ஒதுங்கி இடைவெளி விடும் இடங்களில் ஆற்றல் சற்றுத் தாழ்ந்த குழிகள் தோன்றுகின்றன. எலெக்ட்ரான் அவற்றில் விழுந்து தங்கிவிடுகிறது.

விழுந்ததும் கதை முடிந்துவிடுவதில்லை. மதுரை வட்டாரக் கண்மாய்களில் நீர் பெரும்பாலான நாள் தேங்கித்தான் கிடக்கும், ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததற்கு ஓடும். ஹெக்சேனுக்குள் எலெக்ட்ரானின் பயணமும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் கண்மாயை வழிய வைப்பது மேலும் வரும் நீர். எலெக்ட்ரானைக் குழியிலிருந்து வெளியே தள்ளுவது வெப்பம். ஹெக்சேனில் அதற்கு வேண்டிய ஆற்றல் சுமார் 0.2 எலெக்ட்ரான் வோல்ட். இதிலிருந்து, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு விளைவு வருகிறது. இருபத்தேழு டிகிரி இருக்கும் மார்கழிப் பகலிலிருந்து நாற்பது டிகிரி எட்டும் மதுரைச் சித்திரைக்கு வெப்பம் ஏறினால், ஹெக்சேனில் எலெக்ட்ரானின் வேகம் ஏறத்தாழ 40 விழுக்காடு கூட வேண்டும். ஆய்வுக்கூட அளவீடுகளும் இதே ஏற்றத்தைத்தான் காட்டுகின்றன. நியோபென்டேனில் இப்படி ஏறுவதில்லை, ஏனென்றால் அங்கே ஏறி வெளியேற வேண்டிய குழியே இல்லை. ஓர் உலோகத்தைத் திரவத்தில் மூழ்கடித்து ஒளி பாய்ச்சி எலெக்ட்ரானை வெளியேற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று அளந்தவர்கள் இதற்கு இன்னொரு சாட்சி கொடுத்தார்கள். நியோபென்டேனுக்குள் எலெக்ட்ரானை வெளியே விடுவது, வெற்றிடத்துக்குள் விடுவதைவிட சுமார் 0.4 எலெக்ட்ரான் வோல்ட் மலிவு. ஹெக்சேனில் அந்தச் சலுகை ஏறக்குறைய இல்லை. உள்ளே அலையாக இருப்பதே இலாபம் என்றால், குழியில் போய் விழ ஏன் மெனக்கெட வேண்டும்?

பெட்ரோல் பங்க்கில் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணுக்கும் இதற்கும் ஓர் உறவு இருப்பது போல் தோன்றும். அந்த அளவுகோலில் நேர்ச்சங்கிலி ஹெப்டேனுக்கு 0, கிளைகள் விட்ட ஐசோஆக்டேனுக்கு 100. எலெக்ட்ரானின் இயக்க எண்ணும் ஐசோஆக்டேனில் ஐந்து, ஆறு என்று ஹெப்டேனைவிட மிக மேலே இருக்கிறது. இதை வைத்து ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொன்னால் தவறாகிவிடும். எஞ்சினில் எரிபொருள் முன்கூட்டியே வெடிக்காமல் இருப்பது சூடான வேதிவினைச் சங்கிலியின் விஷயம். எலெக்ட்ரானின் ஓட்டம் அலைச் சிதறலின் விஷயம். இரண்டும் மூலக்கூறின் கிளைப்பைச் சார்ந்திருப்பதால் சேர்ந்து ஏறுகின்றன, அவ்வளவே. எத்தனால் கலந்த பெட்ரோலில் இந்தப் பொருத்தமும் முறிந்துபோகும். எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்துகிறது. ஆனால் அதன் முனைவுள்ள மூலக்கூறுகள் எலெக்ட்ரானைச் சூழ்ந்து கட்டிப்போடுகின்றன.

இத்தனை வேகமாக ஓடும் எலெக்ட்ரானை எந்த டேங்கரிலும் ஏன் காண முடிவதில்லை? இங்கேதான் சுத்தம் என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டியிருக்கிறது. காற்று பட்ட ஹெக்சேனில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே போதும். எலெக்ட்ரானைச் சில நானோநொடிகளில் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டதும் அது அயனி. வேகம் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எலெக்ட்ரானை நூறு மைக்ரோநொடி உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் ஆக்சிஜனின் பங்கு நூறு கோடிக்குப் பத்து, பதினைந்து மூலக்கூறு என்ற அளவுக்குக் குறைய வேண்டும். அதற்காகத்தான் ஷ்மிட் போன்றவர்கள் திரவத்தைச் சிலிக்கா ஜெல் வழியாகவும் சோடியம்-பொட்டாசியம் கலவை மீதும் அனுப்பிச் சலிக்கச் சலிக்க வடித்தார்கள். பாதி அறிவியல் அங்கே குழாய் கழுவுவதில் இருந்தது. எலெக்ட்ரானைப் பிடிக்கும் இந்தப் பசியை வடபழஞ்சிக் கருவியில் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஓடும் வாயுக் கலவையில் 0.3 விழுக்காடு சல்பர் ஹெக்சாபுளோரைடு சேர்க்கப்படுகிறது. மியூவான் தொடங்கிவைக்கும் எலெக்ட்ரான் பெருக்கம் எல்லை மீறாதபடி அது உபரி எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்கிறது. அதே கலவையில் 4.5 விழுக்காடு இருக்கும் ஐசோபியூட்டேன், நம் சமையல் எரிவாயுவிலும் உள்ள ஹைட்ரோகார்பன்தான். அதன் வேலை புறஊதா ஒளியை விழுங்குவது. எலெக்ட்ரானை அது அவ்வளவாகச் சீண்டுவதில்லை.

டேங்கரில் தேங்கும் நிலைமின்னைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். கப்பலூரில் எண்ணெய் ஏற்றும் முன் லாரிக்கு எர்த் கம்பி மாட்டாமல் வால்வைத் திறக்க விடமாட்டார்கள். குழாய் எண்ணெயில் மூழ்கும்வரை நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்பது தொழிலின் விதி. எண்ணெய்க்குள் மின்னூட்டம் சேர்கிறது என்றால் அது மிகை எலெக்ட்ரான்தானே? இல்லை. குழாய்ச் சுவரிலும், அதைவிட அதிகமாக வடிகட்டியிலும், எண்ணெயில் நுண்ணளவு கலந்திருக்கும் அயனிகளில் ஒரு குறி கொண்டவை ஒட்டிக்கொள்கின்றன. மற்ற குறி கொண்டவற்றை எண்ணெய் தன்னோடு இழுத்துப்போகிறது. தொட்டியில் சேர்வது அந்த அயனிகள். அவை மெதுவாக நகர்வதுதான் ஆபத்துக்கே காரணம். மிகச் சுத்தமான எரிபொருளில் மின்னூட்டம் தணிய 18 நொடி ஆகும். அதுவரை திரவத்தின் மேற்பரப்பு பொறிக்குக் காத்திருக்கும். ஜெட் ஏ-1 விமான எரிபொருளில் நிலைமின் நீக்கும் சேர்மத்தை மிகச் சிறிதளவு கலப்பது இதற்காகவே. அதனால் கடத்துத்திறன் மீட்டருக்கு 50 பிகோசீமென்ஸைத் தாண்டுகிறது, தணியும் நேரம் அரை நொடிக்கும் கீழே வருகிறது. கவனித்தால் இது நம் வாதத்துக்கே துணை நிற்கிறது: எண்ணெயைக் கடத்த வைக்க அதன் ‘தடை’யை யாரும் குறைக்கவில்லை, ஓடுவதற்கு ஆளைச் சேர்த்தார்கள்.

கடைசி மறுப்புதான் கனமானது. நடைமுறை எண்ணெய் எப்போதும் அசுத்தம். அதில் எலெக்ட்ரான் நானோநொடிகளில் பிடிபடுகிறது. அப்படியிருக்க நியோபென்டேன் பற்றிய அழகான எண்களால் டிரான்ஸ்பார்மர் வைத்திருப்பவருக்கு என்ன பயன்? மின்வாரியத்தில் எண்ணெயைச் சோதிக்கும் வழக்கமான முறை, 2.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு மின்முனைகளுக்கு நடுவே எண்ணெயை ஊற்றி, பொறி பறக்கும்வரை மின்னழுத்தத்தை ஏற்றுவது. வடிகட்டாத புதிய எண்ணெயே 30 கிலோவோல்ட் தாங்க வேண்டும். இந்தச் சோதனை பெரும்பாலும் ஈரத்தையும் நாரையும் தூசியையும்தான் பிடிக்கிறது. அதாவது இது எண்ணெய் எவ்வளவு சுத்தம் என்று கேட்கும் சோதனை. எலெக்ட்ரானைப் பற்றி அது ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் மின்னல் கம்பியில் விழுந்து டிரான்ஸ்பார்மரைத் தாக்கும்போது எல்லாம் மைக்ரோநொடிகளில் முடிந்துவிடும். ஈரத்துளிகளும் நாரும் இடம்பெயர்ந்து பாலம் கட்ட அந்த நேரம் போதாது. அங்கே வேலை செய்வது எண்ணெய்க்குள் கிளைவிட்டுப் பாயும் மின்னிழைகள். அவற்றின் நுனியில் எலெக்ட்ரான் எங்கே போகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

1981-இல் ஜே.சி. டெவின்ஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு முதலில் தலைகீழாகத் தோன்றும். எலெக்ட்ரானை விழுங்கும் சேர்மங்களைத் திரவத்தில் கலந்தார்கள். எலெக்ட்ரான் பிடிபட்டால் மின்னிழை தளர வேண்டும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்மின் முனையிலிருந்து புறப்பட்ட இழையோ முன்பைவிட வேகமாகப் பாய்ந்தது. தரப்படும் விளக்கம் இதுதான்: எலெக்ட்ரான் சுதந்திரமாக ஓட முடிந்தால் நுனியிலிருந்து சுற்றிலும் பரவி, அங்கே குவிந்த மின்புலத்தைத் தணித்துவிடும், இழை புதர்போல் அகன்று மெதுவாகும். பிடித்து நிறுத்தினால் அவை நுனியருகிலேயே தேங்கும், இழை மெலியும், மின்புலம் கூர்மையாகும், பாய்ச்சல் கூடும். எலெக்ட்ரான் எளிதாக ஓடுவது எண்ணெயின் காப்பைக் கெடுக்கும் என்று பயந்தோம். இந்த ஓர் இடத்திலாவது அது காப்பைக் காக்கிறது. நேர்மின் முனையிலிருந்து வரும் இழைகளுக்குக் கணக்கு வேறு. அங்கே எளிதில் எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் மூலக்கூறுகள், முக்கியமாக வளைய அமைப்புள்ள அரோமாட்டிக் சேர்மங்கள், ஆட்டத்தை மாற்றுகின்றன. கச்சா எண்ணெயிலிருந்து வடித்த டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் அவை சிறிதளவு எப்போதும் உண்டு.

தீப்பிடிக்கும் அபாயம் குறைவு, மண்ணில் மக்கும் என்ற காரணங்களுக்காகத் தாவர எண்ணெய்களிலிருந்து எடுக்கும் எஸ்டர் திரவங்கள் இப்போது டிரான்ஸ்பார்மர்களுக்குள் வரத் தொடங்கியிருக்கின்றன. அந்த 2.5 மில்லிமீட்டர் சோதனையில் அவை பழைய எண்ணெய்க்குச் சமமாகவே தேறும். ஈரத்தைப் பொறுத்துக்கொள்வதில் ஒரு படி மேல். ஆனால் நீண்ட இடைவெளியில், மின்னல் தாக்குதலைப் போன்ற உயரழுத்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தால், மின்னிழை அதிவேகப் பாய்ச்சலுக்கு மாறும் மின்னழுத்தம் எஸ்டரில் கணிசமாகக் குறைவு. கனிம எண்ணெயில் இருக்கும் அரோமாட்டிக் சேர்மங்கள் இங்கே இல்லாததும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. சித்திரை இடிமழையும் ஐப்பசி இடிமழையும் வழக்கமான மதுரைச் சமவெளியில் பெரிய டிரான்ஸ்பார்மருக்கு எஸ்டர் ஊற்றுபவர்கள், பொறி பறக்கும் கிலோவோல்ட்டை மட்டும் சான்றிதழில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட முடியாது. உள்ளே மின்முனைகளுக்கு இடையிலான தூரத்தையும் காகிதக் காப்பையும் அந்தத் திரவத்துக்கென்றே திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கிறது.